மடிப்பு வைக்காத கவுன்

செம்பாறைப்பட்டியில் பிள்ளைகள் வளராமல் நின்றுபோனது மிக்கேல் பெண்டாட்டி ஜெபமாலை தைத்த கவுனால்தான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வெளியூர்க்காரர்கள்தான் அது எப்படி என்று கேட்டார்கள். மடிப்பு வைக்காமல் தைத்தால் பிள்ளை எங்கே போய் வளரும் என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம்.

அந்த வீட்டு வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடையில் தைத்த துணி வாங்குவதில்லை. திண்டுக்கல் போய் ஒரே பீஸில் துணி எடுத்து வந்து, வீட்டின் மூத்த மருமகள் தன் கையால் வெட்டி, மிதி மிஷினில் தைத்து, பெண்ணுக்குக் கவுன், ஆணுக்குச் சட்டை என்று எல்லாருக்கும் ஒரே நிறம் ஒரே பூவாகப் போட்டுவிட, அவர்கள் காலைப் பூசைக்கு வரிசையாக வருவதைப் பார்த்து, ஜன்னல் திரை நடந்து வருகிறது என்று நாங்கள் கேலி பேசுவோம். டேப் வைத்துப் பிள்ளையை அளக்க மாட்டார்கள். ஆளை அளப்பது சவப்பெட்டி செய்கிற ஆசாரியின் வேலை. கண் அளவுதான். கண் அளவுக்கு மேல் இரண்டு விரல் துணி கூட விட்டு, உள்ளே மடித்துத் தைத்து, ஈஸ்டருக்குப் பாதியும் மாதா பிறந்தநாளுக்கு மீதியும் பிரித்து விடுவார்கள். வளர்கிற பிள்ளைக்கு இடம் விட்டுத் தைக்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற பேச்சு. அந்த வீட்டில் மட்டும் அதை ஜெபம் மாதிரி சொல்வார்கள்.

ஜெபமாலைக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் விண்ணரசி, இளையவள் ஆக்னஸ். அதே வீட்டில் இருந்த கொழுந்தன் பெண்டாட்டி பிலோமிக்கு, கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, வேளாங்கண்ணிக்கு நடந்து நடந்து கால் தேய்ந்த பிறகு பிறந்தவன் சந்தியாகு. அந்த வீட்டில் அவ்வளவுதான் பிள்ளைகள்.

எங்கள் பக்கம் மழை பொய்த்து, முருங்கையும் கடலையும் கருகி, கிணற்றில் பாறை தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து, தை பிறந்தால் நூல் மில்லின் வேன் வரும். அதில் புரோக்கர் சடையப்பன் வருவார். அவர் வயதைக் கேட்க மாட்டார், எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்க மாட்டார், வேன் கதவின் மேல்கம்பியில் தன் தோள் துண்டைப் போட்டு எட்டி எடு தாயி என்பார். துண்டு எட்டினால் மிஷினில் அறுந்த நூலை ஒட்டவும் கை எட்டும் என்பது அவர் கணக்கு. எட்டின பெண் அன்றைக்கே தகரப்பெட்டியோடு ஏறிப் போய், மில்லுக்குள்ளேயே தங்கி, கல்யாண வயசு வந்ததும் கைநிறையப் பணம் கொண்டுவருவாள் என்பது பேச்சு. வந்தவர்கள் இருமிக்கொண்டு வந்தார்கள். அப்படியும் அனுப்பினோம்.

விண்ணரசி அந்தத் துண்டை எட்டி எடுத்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தவள். போன மறு வருஷம் கார்த்திகையில் அதே வேனில் வந்தாள், படுத்தபடி. காய்ச்சல் என்று சொன்னார்கள். தலையில் ஒரு பக்கம் முடியே இல்லை. எந்த ஊர்க் காய்ச்சல் முடியை வேரோடு பிடுங்கும் என்று மிக்கேல் கேட்டார். சடையப்பன் கொண்டுவந்த மாலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆசாரி வந்து டேப்பை விரித்து அவளை நீளவாக்கில் அளந்தபோது ஜெபமாலை அழவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அழுதிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. நமக்குத்தான் சொல்வதற்கு எப்போதும் ஒன்று இருக்குமே.

சாவு விழுந்த வீடு, இந்த வருஷம் புதுத்துணி வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்கு, பெரியவர்கள் துக்கத்தைப் பிள்ளைகள் மேல் போர்த்தக் கூடாது என்று ஜெபமாலை சொல்லிவிட்டாள். மிக்கேல் திண்டுக்கல் போய், கடையில் நின்று, ஒரு பிள்ளைக்கான துணியைக் கழித்துக்கொண்டு வாங்கி வந்தார். மஞ்சளில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மூத்த பிள்ளைக்கு முதலில் வெட்டுவது வழக்கம். கை வழக்கப்படிப் போனது. இந்த மார்கழிக்கு விண்ணரசி எவ்வளவு வளர்ந்திருப்பாளோ அவ்வளவுக்கு, இரண்டு விரல் கூடவும் விட்டு, கழுத்து வளைத்து, கை வெட்டி, எல்லாம் முடித்துத் தரையில் விரித்த பிறகுதான், யாருக்கு வெட்டியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பிரித்து இன்னொருத்திக்கு ஆக்க மனம் வரவில்லை. அதன் மேல் படுத்து, வயிற்றில் அடித்துக்கொண்டு, அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி அன்றைக்குத்தான் அழுதாள். மீதித் துணியில் ஆக்னஸுக்கும், அப்போது கைக்குழந்தையாக இருந்த சந்தியாகுக்கும் இழுத்துப் பிடித்து வெட்டினாள். ஒரு நூல் அளவுகூட மடிப்புக்கு மிஞ்சவில்லை. இரண்டும் உடம்பைப் பிடித்தாற்போல் கச்சிதமாக இருந்தன, அதைப் பார்த்து நாங்கள் பாராட்டவும் செய்தோம்.

ஈஸ்டர் வந்தது. பிரித்துவிட மடிப்பு இல்லை, பிரித்துவிட வேண்டிய அவசியமும் இல்லை. மாதா பிறந்தநாள் வந்தது, கவுன் அப்படியே பொருந்தியது, ஜட்டியோடு படுத்துக் காலை உதைக்கிற சந்தியாகு காலை உதைத்துக்கொண்டே இருந்தான். நகம் வளரவில்லை, முடி வளரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்துக் குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். பிலோமி திண்டுக்கல்லில் பெரிய பெரிய சட்டையாக வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கிறிஸ்துமஸ் துணி தீர்த்த தீர்ப்பைக் கடைத் துணி மாற்றுமா, அவன் அதற்குள் தொலைந்து கிடந்தான்.

அந்த மார்கழியில் காசு முடையில் எடுத்த துணியிலும் மடிப்புக்கு மிஞ்சவில்லை. தை பிறந்து வேன் வந்தது. போன தையில் ஆக்னஸின் விரலுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. இந்தத் தையில் எட்டிவிடுவாள் என்றுதான் ஊரே நினைத்தது, சடையப்பன் பெயரையே குறித்து வைத்திருந்தார். ஆக்னஸ் எக்கினாள். அதே ஒரு சாண். அவர் துண்டை உதறிப் போட்டு மறுபடி எக்கச் சொன்னார். அதே சாண். ஆக்னஸ் இல்லாமல் வேன் கிளம்பிப் போனதை ஜெபமாலை புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பாக வெட்டியது எப்படிப்பட்ட தப்பு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்குத் துணி தாராளமாக இருந்தும் அவள் மடிப்பு வைக்கவில்லை.

எங்களுக்கும் கண் இருந்தது. பெண் பிள்ளை வைத்திருந்த தாய்மார்கள் ஒவ்வொருத்தராகத் துணியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் மறைக்காமலும் போனார்கள். வடக்குத் தெரு மாரியம்மன் கோயில்காரர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே பீஸ், மடிப்பு கிடையாது. பூசையில் சாமியார், குழந்தைகளைப் போல் ஆகச் சொன்ன வசனத்துக்குப் பிரசங்கம் வைக்க ஆரம்பித்து, முன் வரிசையைப் பார்த்துவிட்டு, பாதியில் விசுவாச அறிக்கை ஜெபத்துக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்ததால் மூடப்போவதாக இருந்தது. இப்போது யாரும் மேல் வகுப்புக்குப் போகவில்லை, வாத்தியாருக்கு வேலை நிலைத்தது. பஸ்ஸில் அரை டிக்கெட். செருப்புக் கடைக்காரர் மட்டும் எங்கள் ஊரைத் திட்டினார். சடங்கு வைக்க ஒரு பெண்ணும் உட்காராததால் தாய்மாமன்களுக்குச் சீர் மிச்சம், மைக்செட் போடுகிறவர் பிழைப்புத் தேடி ஒட்டன்சத்திரம் போய்விட்டார். வேன் வருஷா வருஷம் வந்து, துண்டைத் தொங்கவிட்டு, வெறுமனே போனது. அதைக் கைதட்டி வழியனுப்பியவர்கள் நாங்கள்.

கெடுதலும் இருந்தது, இல்லாமல் இருக்குமா? பெரியவர்களுக்கு வயசானது, பிள்ளைகளுக்கு ஆகவில்லை. கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் இறந்தபோது பெட்டியைத் தூக்கக் கிழவர்கள்தான் இருந்தார்கள். கல்லறைக்குப் போகிற ஏற்றத்தில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள், பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள், அந்தப் பார்வை பிள்ளைகளின் பார்வையாக இல்லை. உடம்புதான் நின்றிருந்தது. உள்ளே ஓடுகிறது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிலோமியைப் பற்றித்தான் நாங்கள் பேசாமல் தவிர்த்தோம். மற்ற பிள்ளைகள் ஓடியாடும் வயசில் நின்றார்கள். சந்தியாகு குப்புற விழக்கூடத் தெரியாத வயசில் நின்றான். பிலோமிக்குத் தலை நரைக்க ஆரம்பித்தது, இடுப்புப் பிடித்துக்கொண்டது, மார் வற்றிப் பல காலமாகியும் அவன் பாலுக்கு அழுதான். தாய்வீட்டுக்குத் தூக்கிப்போய் இருந்து பார்த்து, வளராமலே தூக்கி வந்தாள். ஜெபமாலையும் கல் இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் சட்டைக்கு மட்டும் நான்கு விரல் மடிப்பு வைத்துத் தைத்துப் பார்த்தாள். வருஷம் போனது, அவன் வளரவில்லை. கொத்தனார் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு மடிப்பு வைத்தபோது இரண்டும் மளமளவென்று வளர்ந்ததையும், காசியம்மா வீட்டில் ஒருத்திக்கு மட்டும் வைத்தபோது ஒருத்தியும் வளராததையும் வைத்து, விஷயம் எங்களுக்குப் பிடிபட்டது. ஒரே பீஸில் வெட்டின துணிக்கு ஒரு கண்ணில் வெண்ணெய் ஒரு கண்ணில் சுண்ணாம்பு தெரியாது. ஒன்று வளர்ந்தால் எல்லாம் வளர வேண்டும், எல்லாரும் போட்டுக்கொண்டால்தான் வளரும்.

ஆக, சந்தியாகு எழுந்து உட்கார வேண்டுமென்றால் ஆக்னஸின் கை துண்டை எட்ட வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல அந்த வீட்டில் வெகுகாலம் யாரும் துணியவில்லை. கடைசியில் ஒரு மார்கழியில், ஜெபமாலை மிஷினில் உட்கார்ந்திருந்தபோது, பிலோமி பிள்ளையைக் கொண்டுவந்து துணியின் மேலேயே கிடத்தினாள்.

"அக்கா, ஒரு விரலாச்சும் மடிச்சு வைக்கா. அவன் ஒருவாட்டி எந்திரிச்சு உக்காந்துட்டாப் போதும்."

"உம்புள்ள மடியில கெடக்கான் பிலோமி. எம்புள்ள கல்லறையில கெடக்கா. இன்னொண்ணையும் குடுன்னு கேக்குறியா?"

"மடியில கெடக்கறது புள்ளையாக்கா? நான் செத்த பெறகும் இவன் பாலுக்கு அழுதுக்கிட்டே கெடப்பான். யாரு தூக்குவா?"

ஜெபமாலை பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டு மிஷினை மிதித்தாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள், ஒரே குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள், பேசிக்கொள்ளவில்லை.

ஆக்னஸ்தான் சந்தியாகை எந்நேரமும் இடுப்பில் வைத்திருந்தாள். அவள் வயசுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றிருக்கலாம். பார்க்க ஐந்தாம் வகுப்புப் பெண். ஒருநாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, உப்பு வேண்டும் என்று கேட்பது போலச் சொன்னாள்.

"மடிப்பு வச்சுரும்மா. நான் வளந்து மில்லுக்குப் போறேன். இவன் எந்திரிச்சு நடக்கட்டும்."

ஜெபமாலை அவளைக் கன்னத்தில் அறைந்தாள். சோறு சிதறியது. அந்தக் கையை அப்புறம் எத்தனையோ நாள் அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பிலோமி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மிக்கேல் முருங்கை லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து, படுத்த படுக்கையானது அந்தத் தையில்தான். அந்தத் தையில் வந்த வேனில் சடையப்பன் தனியாக வரவில்லை. பின்னால், வரிசையாக அடுக்கி, முக்காலிகள் வந்தன. வழவழவென்று இழைத்து, சறுக்காமலிருக்க மேலே ரப்பர் ஒட்டிய புது முக்காலிகள். ஒன்றை இறக்கி வேன் கதவுக்குக் கீழே போட்டு, துண்டைத் தொங்கவிட்டு, இதில் ஏறி எடு தாயி என்றார் சடையப்பன். சின்ன உடம்பு கொஞ்சம் சாப்பிடும், ஒரு பாயில் மூன்று படுக்கும் என்று மில்லில் பேசிக்கொண்டார்களாம். கல்யாண வயசு வந்தால்தானே திருப்பி அனுப்ப வேண்டும், இதுகளுக்கு எந்த நாளும் வரப்போவதில்லையே என்றும் பேசிக்கொண்டார்களாம். நாங்கள் இத்தனை வருஷம் பிள்ளைகளை ஒளித்து வைத்திருப்பதாக நினைத்தது போய், அவர்களுக்காகப் பதமாக்கி வைத்திருந்திருக்கிறோம் என்று அங்கே நின்றவர்களுக்கு விளங்கியது. விளங்கி என்ன ஆகப்போகிறது.

ஆக்னஸ் இடுப்பிலிருந்த சந்தியாகைப் பிலோமியிடம் கொடுத்தாள். வீட்டில் அப்பன் கிடக்கிற கிடையும் அடுப்பு கிடக்கிற கிடையும் அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே முக்காலியில் ஏறினாள். ஜெபமாலை தெருக் கோடியிலிருந்து ஓடி வந்தாள், முந்தானை அவிழ்ந்து மண்ணில் இழுபட ஓடி வந்தாள், அதற்குள் துண்டு ஆக்னஸ் கையில் இருந்தது. அன்றைக்கு எங்கள் ஊரிலிருந்து வேன் நிரம்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மில் விடுதியிலிருந்து போன் வரும். வார்டனம்மா பக்கத்தில் மூச்சு விடுவது கேட்கும். நல்லா இருக்கேம்மா என்பாள் ஆக்னஸ். என்ன கேட்டாலும் நல்லா இருக்கேம்மா. அக்காவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசி ஞாயிறு வரைக்கும்.

அடுத்த மார்கழியில் ஊரில் எல்லா வீட்டு மிஷினும் ஓடியது. எல்லாரும் மடிப்பு வைத்தார்கள். வளர்ந்தால்தானே கல்யாண வயசு வரும், வந்தால்தானே விடுவார்கள். ஜெபமாலை நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட துணி எடுத்து, ஆக்னஸுக்குக் கவுனும் சந்தியாகுக்குச் சட்டையும் வெட்டி, இரண்டுக்கும் நான்கு விரல் மடிப்பு வைத்தாள். பிலோமி காஜா எடுத்துக் கொடுத்தாள். கவுனை முறுக்கோடு சேர்த்துக் கட்டி, சடையப்பன் வீட்டுக்கே நடந்துபோய், என் காலைக்கூட நக்கு என்று அவர் சொல்லியிருந்தால் அதையும் செய்கிற முகத்தோடு கொடுத்துவிட்டு வந்தாள். அந்த ஞாயிறு வார்டனம்மாவே போனில் பேசினாள். உள்ளே யூனிபாரம் மட்டும்தான், வெளித் துணி போட அனுமதி இல்லை, இனிமேல் அனுப்ப வேண்டாம் என்றாள். கவுன் ஆக்னஸ் கையில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்குள் போன் நின்றுவிட்டது. மற்ற வீடுகளுக்கும் அதே பதில்தான் வந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் சந்தியாகுக்கு நீலச் சட்டையைப் போட்டு, தொளதொளவென்று தொங்கத் தூக்கிக்கொண்டு இருவரும் பூசைக்கு வந்தார்கள். மில்லில் அன்றைக்கு லீவு இல்லை. கோயிலில் பிள்ளைகள் வரிசை பாதிதான் இருந்தது. அந்தப் பாதியும் தொளதொளத்த சட்டையோடு நின்றது. பொங்கல் வந்தது, செபஸ்தியார் திருவிழா வந்தது, வீட்டில் இருந்த பிள்ளைகள் ஒன்றும் வளரவில்லை. மில்லில் இருந்தவை போட்டுக்கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம். ஒவ்வொரு வீடாகச் சட்டைகளைப் பெட்டியில் மடித்து வைத்தார்கள். பிலோமி மட்டும் சந்தியாகின் சட்டையைக் கழற்றவில்லை. துவைத்தால் காயும்வரை காத்திருந்து அதையே மறுபடியும் போட்டாள்.

மாசியில் ஒரு மத்தியானம். ஜெபமாலை மிக்கேலுக்கு முதுகு துடைத்துவிட்டு, தண்ணீரை வாசலில் கொட்டிக்கொண்டிருந்தாள். பிலோமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஈரமாக இருந்த ஜெபமாலையின் விரலைப் பிடித்து இழுத்துச் சந்தியாகின் வாய்க்குள் விட்டாள். அத்தனை வருஷமும் மழமழவென்று கிடந்த ஈறில், நெல்முனை மாதிரி ஒன்று குத்தியது.

ஜெபமாலை விரலை எடுக்கவில்லை. வாசலிலேயே, கொட்டின தண்ணீரிலேயே உட்கார்ந்தாள்.

"போட்டுக்கிட்டா பிலோமி," என்றாள். "யாருக்கும் தெரியாம போட்டுக்கிட்டா. யூனிபாரத்துக்கு உள்ளயாச்சும் போட்டுக்கிட்டா."

எதிரே நின்ற பிலோமியும் உட்கார்ந்தாள். தெருவில் போன நாங்கள் நின்றோம். இந்தச் சின்னப் பல்லின் அளவுக்கு அங்கே ஆக்னஸ் உயர்ந்திருப்பாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது, அந்தச் சத்தத்துக்கும் பஞ்சுத் தூசிக்கும் நடுவே, அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு, உள்ளே ஒரு நீலக் கவுனோடு, ஒரு பிள்ளைக்காக மிஷினை நோக்கி அவள் வளர்கிறாள் என்றும் தெரிந்தது. ஒருத்தரும் சந்தோஷப்படவில்லை, ஒருத்தரும் நகரவும் இல்லை. சந்தியாகு விரலை விடாமல் அழுத்தினான், ஜெபமாலையின் விரலில் சின்னதாக ரத்தம் வந்தது.

"கடி சாமி," என்றாள் அவள். "இன்னும் நல்லாக் கடி."